அயர்ன் மெய்டனைக் கொழும்புக்கு அழைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது என்ன வேலை?

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற அயர்ன் மெய்டன் இசைக்குழுவின் ரசிகர்கள் கொஞ்சப்பேர் சேர்ந்து, அந்தக் குழுவை ஒரு தடவையாவது இங்கே மேடையேற்றிப் பார்க்க வேண்டும் என்று இறங்கியிருக்கிறோம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளை, நுகேகொடை என்று எல்லாப் பக்கமும் ஆட்கள் உண்டு, தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் இருக்கிறோம். நாங்கள் கம்பனி இல்லை, நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களும் இல்லை. எங்கள் வேலை, ஒரு நல்ல ஏற்பாட்டாளர் துணிந்து இறங்கும் அளவுக்கும் லண்டனில் இருக்கிற குழுவின் தரப்பினர் "இது நடக்கக்கூடிய விஷயம்தான்" என்று நம்பும் அளவுக்கும் ஆதாரங்களைச் சேர்த்துக் கொடுப்பது. தமிழில் கேட்கிறவர்களுக்குத் தமிழிலேயே வடிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

அயர்ன் மெய்டன் யார்? ஏன் அவர்கள்தான் வேண்டும்?

1975 கிறிஸ்மஸ் தினத்தில் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் என்ற பேஸ் கிட்டார்காரர் தொடங்கிய ஹெவி மெட்டல் (உரத்த, கனமான ரொக் இசை) குழு. பாடுகிறவர் புரூஸ் டிக்கின்சன். மூன்று கிட்டார்கள், குதிரை பாய்கிற மாதிரி ஓடும் பேஸ், மேடைக்கு நடுவே ஆளைவிடப் பல மடங்கு உயரத்தில் எழுந்து நிற்கும் எடி என்ற உருவம். வரலாற்றுப் போர்கள், பழைய கவிதைகள், விமானிகள், பைத்தியம், மரணம் என்று அவர்கள் பாடாத விஷயம் குறைவு. காதல் பாட்டுத்தான் அபூர்வம்.

ஏன் அவர்கள் என்றால், எங்களில் பலர் அவர்களைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். தொண்ணூறுகளில் ஒருவர் பதிந்த கசெட்டை இன்னொருவர் வாங்கிப் பதிந்து, எழுத்தும் படமும் தெளிவில்லாத அட்டையோடு கைமாறி வந்த இசை அது. சோதனைச்சாவடியும் மின்வெட்டுமாக இருந்த ஊரில், பதுங்குகுழிக்குள் இருக்கும் ஒரு சிப்பாயின் பயத்தைப் பாடுகிற குழு எங்களுக்கு எங்கோ இருக்கிற வெள்ளைக்காரர்களாகத் தெரியவில்லை. அந்த ஆட்களில் பாதிப்பேர் இப்போது டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், அங்கே பார்த்துவிட்டார்கள். இங்கேயே இருந்தவர்கள் இன்னும் பார்க்கவில்லை.

நேரமும் குறைவு. ஹாரிஸ் பிறந்தது 1956, டிக்கின்சன் 1958. டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்ன் 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து, அதிலிருந்து மீண்டு மறுபடியும் மேடையேறினார். 2024 டிசம்பரில் சாவோ பாவ்லோ நிகழ்ச்சியோடு சுற்றுப்பயணங்களிலிருந்து விலகிவிட்டார். இன்னும் பத்து வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட ஏலாது.

இந்தப் பக்கம் இதற்கு முன் வந்திருக்கிறார்களா?

வந்திருக்கிறார்கள், மிகக் கிட்ட வரைக்கும். 2007 மார்ச்சில் பெங்களூர், 2008 பெப்ரவரி 1 மும்பை, 2009 பெப்ரவரியில் மறுபடியும் பெங்களூர். இதில் 2008 கணக்குத்தான் நெஞ்சில் குத்தும். அந்த வருடம் ஒரு போயிங் 757 விமானத்தின் பின்பக்க இருக்கைகளைக் கழற்றி, குழு, ஊழியர்கள், சுமார் 12 தொன் சாமான் எல்லாவற்றையும் ஒரே விமானத்தில் ஏற்றினார்கள். பாடகர் டிக்கின்சனே அதை ஓட்டினார், அவர் முறையாகப் பயிற்சி பெற்ற விமானி. மும்பையில் வாசித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்கு அவுஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போனார்கள். வரைபடத்தில் மும்பைக்கும் பெர்த்துக்கும் நேர்கோடு போட்டுப் பாருங்கள், அது இலங்கைக்குக் கொஞ்சம் கிழக்கே கடலுக்கு மேலால் போகும்.

அப்போ ஏன் இறங்கவில்லை?

நாட்டு நிலவரம்தான். 2007 மார்ச்சில் பெங்களூரில் அவர்கள் வாசித்த அதே மாதம் 26ஆம் திகதி கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மீது புலிகளின் வான்தாக்குதல் நடந்தது. 2008 ஜனவரியில் போர்நிறுத்த ஒப்பந்தத்திலிருந்து அரசாங்கம் விலகியது. எந்த முகாமையாளர் அந்த நேரத்தில் கொழும்புக்கு ஒரு விமானம் நிறைய ஆட்களைக் கூட்டிவருவார்? அவர்களில் குறை இல்லை. போர் முடிந்து கொஞ்சம் மூச்சுவிட்டு நிமிர்ந்தால் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள், பிறகு கொரோனா, பிறகு 2022இல் டொலர் 200 ரூபாய் சொச்சத்திலிருந்து 360 வரைக்கும் போன நெருக்கடி. இந்த ஒவ்வொன்றும் வெளியூர்க்காரருடைய கண்ணில் கொழும்பை இன்னும் தூரமான இடமாக்கியது. சென்னையிலிருந்து பறந்தால் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை என்பது வேறு கதை.

அவர்களுடைய பக்கங்களில் "கொழும்புக்கு வாங்க" என்று ஆயிரம் பேர் எழுதினால் போதாதா?

எழுதுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் முடிவு அங்கே எடுக்கப்படுவதில்லை. குழுவின் முகாமையாளர் ஒரு வருடத்துக்கு, சில நேரம் இரண்டு வருடத்துக்கு முன்பே எந்தக் கண்டத்தில் எந்த மாதம் என்று தீர்மானித்துவிடுவார். அதற்குள் எந்தெந்த ஊர் என்பதை ஏஜன்ட் பார்க்கிறார். ஏஜன்டுக்கு உள்ளூர் ஏற்பாட்டாளர் ஒருவர் எழுத்தில் ஒரு தொகை சொல்ல வேண்டும்: இந்தத் திகதி, இந்த மைதானம், இவ்வளவு டொலர், இத்தனை வீதம் முற்பணம். அந்தக் கடிதம் இல்லாமல் கோடி பேர் கெஞ்சினாலும் பேச்சே ஆரம்பிக்காது.

அதனால் நாங்கள் முதலில் கதைக்க வேண்டியது குழுவோடு இல்லை, ஏற்பாட்டாளர்களோடு. அவர்களுக்கு இருக்கிற பயம் ஒன்றுதான்: இங்கே இந்த இசைக்குக் காசு கொடுத்து வருகிற ஆட்கள் இருக்கிறார்களா? அதற்குப் பெயரும் ஊரும் விலையும் உள்ள ஒரு பட்டியல் காட்ட முடிந்தால் கதை மாறும்.

ரசிகர்கள் அழைத்து எந்தக் குழுவாவது வந்திருக்கிறதா?

இங்கே இல்லை, வேறு நாடுகளில் வந்திருக்கிறது. ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற அமெரிக்க ரொக் குழு இரண்டு தடவை அப்படிப் போனார்கள். 2014இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகர ரசிகர்கள் சேர்ந்து, நிகழ்ச்சி உறுதியாவதற்கு முன்பே ஆளுக்கு 50 டொலர் போட்டு டிக்கெட்டுகளை வாங்கி, "காசு தயார், நீங்கள் வந்தால் சரி" என்று கேட்டார்கள். குழு வந்து வாசித்தது.

அடுத்த வருடம் இத்தாலியின் செசேனா. ஒரு இலட்சம் பேர்கூட இல்லாத ஊர். 2015 ஜூலை 26இல் அங்கே ஒரு பூங்காவில் ஆயிரம் பேர் கிட்டார், டிரம்ஸ், பேஸ், குரல் என்று ஒன்றாக நின்று ஃபூ ஃபைட்டர்ஸின் ஒரே பாட்டை ஒரே தாளத்தில் வாசித்து வீடியோ எடுத்தார்கள். அந்தச் சமயம் காலை முறித்துக்கொண்டிருந்த குழுவின் பாடகர் டேவ் குரோல் இத்தாலிய மொழியில் பதில் வீடியோ போட்டார், நவம்பர் 3ஆம் திகதி குழு செசேனாவில் மேடையேறியது. நான் அந்த வீடியோவை இப்போது பார்த்தாலும் கண் கலங்கும். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது, ஆயிரம் பேரை நேரத்துக்குக் கூட்டி, ஒலியைச் சரிப்படுத்தி, சுத்தமாகப் படம் எடுத்துக் காட்டியதால், "இந்த ஊர் ஆட்களால் ஒரு பெரிய வேலையைச் செய்து முடிக்க முடியும்" என்பதும் சேர்ந்தே நிரூபணமானது. அந்தக் குழு அந்த நேரம் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் போய்க்கொண்டிருந்ததும் பெரிய உதவி. எங்களுக்கும் அப்படித்தான், அவர்கள் இந்தியாவுக்கோ சிங்கப்பூருக்கோ வருகிற காலத்தோடு ஒட்டித்தான் கேட்க வேண்டும்.

நாங்களும் ஆயிரம் பேர் சேர்ந்து வாசிக்கலாமா?

அதே மாதிரி வேண்டாம், அது அவர்களுடைய யோசனை. எங்களிடம் இருக்கிற வேறு விஷயம் தவில், மிருதங்கம், கண்டிய பெரை, ரபான் என்ற தாள வாத்தியங்கள். மெய்டனின் அந்தப் பாயும் தாளத்தைத் தவிலில் கேட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கிட்டார்காரர்களோடு இந்த வாத்தியக்காரர்களையும் சேர்த்து ஒரு பதிவு எடுக்க ஆசை. கோயிலுக்கு வாசிக்கிற வித்துவான்களைக் கேட்கும்போது மரியாதையோடு கேட்க வேண்டும், அவர்களுடைய நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். இலவசமாக வாருங்கள் என்று யாரையும் கேட்பதாக இல்லை.

எவ்வளவு செலவாகும்? டிக்கெட் என்ன விலைக்குப் போகும்?

குழுவின் கட்டணம் பேச்சுவார்த்தையில் தீர்வது, அதை நாங்கள் ஊகிப்பதில்லை. வரவுப் பக்கத்தை மட்டும் போட்டுப் பார்ப்போம். 15,000 பேர், சராசரியாக 15,000 ரூபாய் டிக்கெட் என்றால் 22.5 கோடி ரூபாய். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 7,50,000 டொலர். கேட்கப் பெரிதாக இருக்கும். இதிலிருந்துதான் களியாட்ட வரி, வெளிநாட்டவர் கட்டணத்தில் பிடிக்கும் வரி, மைதான வாடகை, மேடை, ஒலி ஒளி, மின்பிறப்பாக்கிகள், விமானச் சரக்கு, ஹோட்டல், பாதுகாப்பு, காப்புறுதி எல்லாம் போக வேண்டும், அப்புறம்தான் குழுவுக்கு. 15,000 ரூபாய் என்பது இங்கே எத்தனை பேருடைய மாதச் செலவில் என்ன பங்கு என்பது எங்களுக்குத் தெரியும், அதைக் கூட்டிக்கொண்டே போக மனமில்லை.

ஆகவே அனுசரணை கட்டாயம் தேவை. அதில் ஒரு சிக்கல்: பல நாடுகளில் இப்படியான நிகழ்ச்சிகளைத் தாங்குவது பியர் கம்பனிகள். இங்கே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபானம், புகையிலை விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்கிறது. மெய்டனுக்கே சொந்தப் பெயரில் ஒரு பியர் உண்டு, 2013இலிருந்து விற்கிறார்கள். அதன் பதாகையையும் இங்கே மாட்ட முடியாது, ஒப்பந்தம் எழுதும்போதே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டிய விஷயம். தொலைபேசி நிறுவனங்கள், வங்கிகள், விமான சேவைகள், சுற்றுலாத்துறை ஆகியவைதான் மீதி. இந்தியாவிலிருந்தும் மாலைதீவிலிருந்தும் ரசிகர்கள் வந்து இரண்டு மூன்று இரவு தங்குவார்கள் என்று காட்ட முடிந்தால் சுற்றுலாத்துறை காதுகொடுக்கும்.

இப்போதே காசு சேர்க்கிறீர்களா?

இல்லை. ஒரு ரூபாயும் வாங்கவில்லை, உறுதியான ஒப்பந்தம் இல்லாமல் வாங்கவும் மாட்டோம். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். ரிச்மண்ட் முறை பிடித்திருக்கிறது, ஆனால் அதற்குக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சட்டப்படி பொறுப்பெடுக்கும் ஒரு நிறுவனம் நடுவில் வேண்டும்.

எங்கே நடத்துவது?

எல்லாரும் முதலில் சொல்வது காலிமுகத்திடல். அழகான இடம்தான், ஆனால் திறந்த வெளியில் டிக்கெட் போட்டுக் கதவு வைப்பது பெரும்பாடு, கடற்காற்று உயரமான மேடைக்கும் ஒலிக்கும் எதிரி. நெலும் பொக்குண அருமையான அரங்கு, ஆனால் சுமார் 1,300 ஆசனம்தான். கெத்தாராம பிரேமதாச மைதானத்தில் 35,000 பேர்வரை கொள்ளும், கிரிக்கெட் அட்டவணையோடும் ஆடுகளத்தைக் காப்பாற்றுகிறவர்களோடும் போராட வேண்டும், அவர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. லோங்டன் பிளேஸ் சி.ஆர். மைதானத்தில் 2015 டிசம்பரில் ஸ்பானியப் பாடகர் என்ரிக் இக்லேசியாஸ் பாடினார், ஆனால் சுற்றிவர வீடுகள்.

என் விருப்பம் சுகததாச விளையாட்டரங்கு. ஆசன வரிசைகள் இருக்கின்றன, வாசல்கள் பல, துறைமுகமும் விமான நிலையத்துக்கான அதிவேகப் பாதையும் கிட்ட. ஓட்டப் பாதையைக் கனமான பலகை போட்டு மூடியே ஆக வேண்டும், அதன் மேல் லொறி ஏறினால் விளையாட்டு வீரர்களுக்குத்தான் நஷ்டம். இன்னொன்று மேடைக் கூரை. மெய்டனின் விளக்குகளும் திரைகளும் கூரையிலிருந்து தொங்குபவை, அது எத்தனை தொன் தாங்கும் என்று பொறியியலாளர் கையெழுத்துப் போட்ட கணக்கை அவர்கள் கேட்பார்கள். அந்தளவு கூரை இங்கே கிடைக்காவிட்டால் தென்னிந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவர வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பெப்ரவரி. மே தொடங்கி தென்மேல் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் பின்னேரமானால் இடிமழை. திறந்த மேடையில் இத்தனை மின்சாரத்தோடு இடிமழை விளையாட்டில்லை. ஆனால் ஜனவரி பெப்ரவரியிலும் தைப்பொங்கலைப் பார்க்க வேண்டும், பெப்ரவரி 4 சுதந்திர தினத்துக்கு வீதிகள் மூடப்படும், நவம் பெரஹெரா என்ற பௌத்த ஊர்வல நாட்களில் கங்காராம விகாரைப் பக்கம் போக ஏலாது, அடுத்த சில வருடங்களுக்கு நோன்பு மாதமும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள்தான் வருகிறது. போயா (பௌர்ணமி) தினத்தில் வைக்கவே கூடாது. இதெல்லாம் கழித்துப் பார்த்தால் ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு வரும் ஓரிரு சனிக்கிழமைகள்தான் மிஞ்சுகின்றன. அந்தத் திகதிகளைத்தான் நாங்கள் அவர்களுக்கு எழுதப்போகிறோம்.

என்னென்ன அனுமதி வேண்டும்?

பொலிஸ் அனுமதி, ஒலிபெருக்கி அனுமதிப்பத்திரம், மாநகர சபை, தீயணைப்பு, மைதான உரிமையாளர், பாடல்களின் உரிமைக்கான கொடுப்பனவு, கட்டணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வங்கி அலுவல், வருகிறவர்களுக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் முறையான விசா. சுற்றுலா விசாவில் வந்து மேடையேற முடியாது. டிக்கெட் விற்கத் தொடங்குவதற்கு முன்பே மாநகர சபைக்குப் போய்விட வேண்டும், களியாட்ட வரி அங்கேதான். நேரமும் முக்கியம்: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு உள்ள கட்டுப்பாடு 2007இல் உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். அதனால் ஆறரைக்குத் தொடங்கி பத்துக்குள் முடிப்பதாகத்தான் எங்கள் திட்டம்.

சாமான்களுக்கு ஏடிஏ கார்னெட் என்ற ஆவணம் உதவும். தற்காலிகமாகக் கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோகும் பொருட்களுக்குச் சுங்கவரி கட்டாமல் தப்ப அது வழி. பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு கேபிளும் திரும்பிப் போக வேண்டும், நினைவுக்கென்று யாரும் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது.

இது சாத்தான் இசை என்று பிரச்சினை வராதா?

வரலாம். 1982இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரில், பைபிளில் தீமையின் அடையாளமாக வரும் 'விலங்கின் எண்' (666) என்று இருந்ததால் அமெரிக்காவில் தட்டுகளை உடைத்தும் எரித்தும் எதிர்ப்புக் காட்டினார்கள். அதே பெயருள்ள பாட்டு ஒரு கெட்ட கனவைப் பற்றியது என்று ஸ்டீவ் ஹாரிஸே சொல்லியிருக்கிறார். இங்கேயும் முன்னுதாரணங்கள் உண்டு. 2010இல் அமெரிக்கப் பாடகர் எகோனுக்கு விசா மறுக்கப்பட்டது, அவருடைய ஒரு வீடியோவில் புத்தர் சிலை பின்னணியில் வந்ததுதான் காரணம். என்ரிக் நிகழ்ச்சிக்குப் பிறகு அப்போதைய ஜனாதிபதியே ஏற்பாட்டாளர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்று பேசினார்.

ஆகவே ஒரு வேண்டுகோள், இதை மனதார வாங்கிக்கொள்ளுங்கள். எடியைப் புத்தராகவோ, சிவனாகவோ, இயேசுவாகவோ, எந்தச் சமயச் சின்னத்தோடும் வரைந்து பகிராதீர்கள். திறமையாக வரைகிறவர்கள் எங்களிடம் நிறைய இருக்கிறார்கள். எடியை ரயில் ஓட்ட வையுங்கள், மீன்பிடிக்க வையுங்கள், புறக்கோட்டையில் மூட்டை தூக்க வையுங்கள். மதகுருமார் யாராவது கேள்வி கேட்டால் சண்டைக்குப் போகாமல் பாடல் வரிகளைக் கொண்டுபோய்க் காட்டுவோம்.

கூட்டம் கட்டுமீறினால்?

2011 ஒக்டோபரில் டில்லிக்குப் பக்கத்தில் குர்காவுனில் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் நிகழ்ச்சி பாதுகாப்புத் தடுப்புப் பிரச்சினையால் கடைசி நேரத்தில் நின்றது, ஆத்திரப்பட்ட கூட்டம் மேடையை உடைத்தது, ஏற்பாட்டாளர்கள் கைதானார்கள். இரண்டு நாள் கழித்து அதே குழு பெங்களூரில் ஒழுங்காக வாசித்துவிட்டுப் போனது. மேடைக்கு முன்னால் நிற்கும் தடுப்பு வெறும் இரும்பு வேலி இல்லை, பின்னாலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தள்ளும் பாரத்தைத் தாங்க வடிவமைத்தது. அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்கும் ஏற்பாட்டாளரோடு நாங்கள் சேர மாட்டோம். தண்ணீர் இலவசமாக வேண்டும், முதலுதவி இடம் இரண்டு பக்கமும் வேண்டும், பெண்கள் பயமில்லாமல் நிற்க இடமும் ஆளும் வேண்டும். இவை மூன்றையும் எழுத்தில் கேட்கிறோம்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகத்திலிருந்து வருகிறவர்கள் எப்படித் திரும்புவது?

பத்து மணிக்கு முடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்துக்கு வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்கள் போகின்றன, நிகழ்ச்சி நாளில் அவற்றைச் சுகததாச பக்கத்திலிருந்தே எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஹட்டன், பதுளைப் பக்கத்துக்குத் தனியாக பஸ் பிடிக்க வேண்டிவரும். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் கதைக்க முடியும், அதனால்தான் பெயர் கொடுக்கும்போது ஊரையும் கேட்கிறோம்.

உள்ளூர் குழுக்களுக்கு இடம் உண்டா?

உண்டாக வேண்டும். ஸ்டிக்மாட்டா, பரனோய்ட் எர்த்லிங் போன்ற உள்ளூர்க் குழுக்காரர்கள் இத்தனை வருடம் சின்ன அரங்குகளில் இந்த இசையை உயிரோடு வைத்திருந்தார்கள். முதலில் யார் வாசிப்பது என்று தீர்மானிப்பது மெய்டன் தரப்புத்தான், நாங்கள் பதிவுகளை அனுப்பிக் கேட்போம். தமிழில் ரொக் பாடுகிற பிள்ளைகள் யாராவது இருந்தால் பதிவை அனுப்புங்கள், போனில் எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

நான் பெரிய ரசிகன் இல்லை, ஆனாலும் உதவலாமா?

தாராளமாக. சுங்க அலுவல் தெரிந்தவர்கள், மேடைப் பொறியியலாளர்கள், தாதியர், மருத்துவர்கள், சிங்களத்திலும் தமிழிலும் ஒரே தெளிவோடு எழுதக்கூடியவர்கள் எல்லாரும் வேண்டும். முக்கியமாக, சுகததாச விளையாட்டரங்கைச் சுற்றி வசிக்கிறவர்கள் இருந்தால் முதல் வேலையாக எங்களோடு கதையுங்கள். சத்தம், வாகனம், பாதை மூடுவது பற்றி உங்களுக்கு என்ன ஏற்கும், என்ன ஏற்காது என்று கேட்டபிறகுதான் அந்த இடத்தின் பெயரைக் கடிதத்தில் போடுவதாக இருக்கிறோம்.